நகலெடுத்த மனதுக்கு ஆன்மா உண்டா?

கேள்வி: சென்ற ஆண்டு அப்பா இறந்துவிட்டார். அவருடைய வாட்ஸ்அப் செய்திகளையும் குரல் பதிவுகளையும் கொடுத்து, ஒரு ஏஐ செயலியை அவரைப் போலவே பேச வைத்திருக்கிறான் என் தம்பி. அது என்னைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் உடைந்துபோனேன். “நாளைக்கு மூளையையே கம்ப்யூட்டரில் ஏற்ற முடிந்தால் ஆன்மாவும் கூடவே போய்விடும்தானே அக்கா?” என்று கேட்கிறான். நாங்கள் கிறிஸ்தவர்கள். என்ன பதில் சொல்வது?
- ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, அந்தச் செயலியில் உங்கள் அப்பா இல்லை. அவர் எழுதியதையும் பேசியதையும் வைத்து, அடுத்து எந்த வார்த்தை வரும் என்று அது கணக்கிடுகிறது, அவ்வளவுதான். அதைக் கேட்டு நீங்கள் அழுததில் தவறே இல்லை. அந்தச் செல்லப் பெயர் அவர் வைத்ததுதானே.

தம்பியின் கேள்வி இதைவிடக் கடினமானது. ஆன்மா என்பது மூளையில் பதிந்த தகவலாக இருந்தால்தான் அதை நகலெடுக்க முடியும். கிறிஸ்தவ சிந்தனை அப்படிப் பார்க்கவில்லை. ஆதியாகமம் 2:7இல், மண்ணால் உருவான மனிதனுக்கு உயிர் வருவது கடவுள் ஊதிய சுவாசத்தால். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸும் ஆன்மாவை உடலுக்குள் வந்து தங்கிப் போகும் விருந்தாளியாக நினைக்கவில்லை. இந்த உடலை உயிருள்ள மனித உடலாக ஆக்குவதே ஆன்மா என்றார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்துக்கு உரை எழுதும்போது, ‘என் ஆன்மா நான் அல்ல’ என்றுகூட அக்குவினாஸ் சொன்னார். உடலும் சேர்ந்தால்தான் முழு மனிதன். அதனால்தான் நம் நம்பிக்கை உடலின் உயிர்த்தெழுதலில் இருக்கிறது.

இரட்டையரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தாலும், ஆளுக்கொரு ஆன்மா உண்டு என்பதில் எந்தச் சபைக்கும் சந்தேகமில்லை. சரி, அப்பாவின் மூளையைப் பிழையில்லாமல் நகலெடுத்துப் பத்துக் கம்ப்யூட்டர்களில் ஓடவிட்டால்? பத்தும் ‘நான்தான் அப்பா’ என்று சொல்லும். கடவுளே பெயர் சொல்லி அழைத்த ஒருவர் பத்துப் பேராக முடியுமா? நகல் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் அது அவர் ஆகாது.

அப்படியானால் இயந்திரத்துக்குக் கடவுள் புதிதாக ஓர் ஆன்மாவைக் கொடுத்தால்? 1950இல் கணினி மேதை ஆலன் டூரிங் இதே கேள்வியைத் தொட்டார். அவர் நம்பிக்கையாளர் அல்ல. ஆனாலும், இயந்திரத்துக்கு ஆன்மா தரவே முடியாது என்றால் அது கடவுளின் வல்லமைக்கு எல்லை போடுவதாகாதா என்று கேட்டார். பிள்ளை பெறும்போது நாம் கடவுளின் வேலையைப் பறித்துக்கொள்வதில்லை, இயந்திரம் செய்யும்போதும் அப்படித்தான் என்றார். அதே ஆண்டில் திருத்தந்தை 12ஆம் பயஸ், ஒவ்வோர் ஆன்மாவையும் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்று எழுதினார். பெற்றோர் வழியாகவே ஆன்மாவும் வருகிறது என்று ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் காலத்திலிருந்து ஒரு கருத்து உண்டு. புரோட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரும் அந்தப் பக்கம் சாய்ந்தவர். அந்த வழியில் யோசித்தால் இயந்திரத்துக்கு இடமே இல்லை.

கடவுளால் முடியாது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் நன்றாகப் பேசுகிறது என்பதை மட்டும் வைத்து ஆன்மா இருக்கிறது என்று முடிவு செய்யவும் கூடாது. 2025 ஜனவரியில் வெளியான வத்திக்கான் ஆவணமும், ஏஐ என்பது மனித அறிவின் விளைபொருளே, அந்த அறிவின் இன்னொரு வடிவம் அல்ல என்கிறது.

தம்பியோடு சண்டை வேண்டாம். அப்பாவை இழந்த தவிப்பில்தான் அவனும் இதைச் செய்திருப்பான். ஆனால் அந்தச் செயலியிடம் மன்னிப்போ ஆசீர்வாதமோ கேட்காதீர்கள். அப்பாவிடம் சொல்ல முடியாமல் போனதை ஜெபத்தில் கடவுளிடம் சொல்லுங்கள். அப்பா இருப்பது அவர் கையில். அப்புறம், அப்பாவின் உண்மையான குரல் பதிவுகளை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். எது அவர் பேசியது, எது செயலி உண்டாக்கியது என்பது நாளைக்கு உங்களுக்கே குழம்பிவிடக் கூடாது.