பிள்ளைகளுக்கு டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ: எந்த ஆப் நல்லது?

கேள்வி: மேலூர் பக்கம் உதவி பெறும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் செய்த ப்ராஜெக்ட் போட்டோ, கட்டுரை, ஆடியோ எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் கிடக்கின்றன, என் போனும் நிரம்பிவிட்டது. ஆளுக்கொரு டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ, அதாவது பிள்ளையின் வேலைகளில் தேர்ந்தெடுத்தவற்றின் தொகுப்பு, வேண்டும் என்கிறார் ஹெச்.எம். எந்த ஆப் நல்லது?

பதில்: ஆப்பை அப்புறம் பார்ப்போம் டீச்சர். இப்போது உங்களிடம் இருப்பது ஒரு குவியல், அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டினாலும் குவியலாகத்தான் இருக்கும். முதலில் வகுப்புக்கென்று தனி ஜிமெயில் கணக்கு ஒன்று தொடங்கி, அதன் கூகுள் டிரைவில் பிள்ளைக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள். உங்கள் சொந்தக் கணக்கு வேண்டவே வேண்டாம், ஏனென்றால் இலவசமாகத் தரும் 15 ஜிபியை டிரைவ், ஜிமெயில், கூகுள் போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன, நிரம்பிவிட்டால் உங்களுக்கு மெயில்கூட வராது. கோப்பின் பெயரில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முதலில் எழுதினால் எல்லாம் தானாகவே கால வரிசையில் நின்றுகொள்ளும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கட்டுரைகள் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றி ஏற்றுங்கள், இல்லாவிட்டால் போனில் திறக்கும்போது ஆங்கில எழுத்துகள்தான் தாறுமாறாகத் தெரியும்.

சரி, இனி போர்ட்ஃபோலியோ. ஃபோல்டரில் உள்ள அத்தனையும் அதில் வரக்கூடாது. பருவத்துக்கு மூன்று நான்கு வேலைகள் போதும், அவற்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். அரிட்டாபட்டி உங்களுக்குப் பக்கம்தானே, 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்த ஊர். அங்கே போய் ஒரு மாணவி பறவைப் பட்டியல் எடுத்து வந்தாள் என்று வையுங்கள்: அடித்தல் திருத்தலோடு இருக்கும் முதல் பட்டியலின் போட்டோ, அதன் பக்கத்தில் திருத்திய பட்டியல், கீழே இதை ஏன் தேர்ந்தெடுத்தேன், எங்கே திணறினேன் என்று அவள் சொந்த நடையில் மூன்று நான்கு வரிகள். எழுதத் தயங்கும் பிள்ளை அதையே பேசிப் பதிவு செய்யட்டும். இந்த வரிகள் இல்லாத போர்ட்ஃபோலியோ வெறும் ஆல்பம் என்பேன், ஹெச்.எம். கோபித்துக்கொண்டாலும் சரி.

இதற்கு என் சிபாரிசு கூகுள் ஸ்லைட்ஸ், பிள்ளைக்கு ஒரு கோப்பு. கூகுள் சைட்ஸ் பார்க்க வெப்சைட் மாதிரியே இருக்கும், ஆனால் திருத்த கம்ப்யூட்டர் வேண்டும்; வீட்டில் அப்பாவின் போன் மட்டுமே உள்ள பிள்ளை லேப் பீரியடுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். டிசைன் செய்யும் ஆப்பான கேன்வா கொடுத்தால் பாதி நேரம் கலர் தேர்ந்தெடுப்பதிலேயே போய்விடும். எல்லோரும் குறிப்பும் படமும் ஒட்டக்கூடிய ஆன்லைன் பலகை பேட்லெட், அதன் இலவசக் கணக்கில் சில பலகைகள்தான் கிடைக்கும், வகுப்புக்குப் பொதுவாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். எதில் செய்தாலும் மூலக் கோப்பு டிரைவில் இருக்கட்டும்; பல ஆசிரியர்கள் நம்பியிருந்த ஜாம்போர்டு என்ற ஆன்லைன் வெண்பலகையை 2024 கடைசியில் கூகுளே மூடிவிட்டது.

பகிரும்போது 'லிங்க் வைத்திருக்கும் எவரும்' என்பதைத் தொடாதீர்கள். ஒரு ஃபார்வர்டு போதும், ஊர் முழுக்கப் போய்விடும். தேவையானவர்களின் மெயில் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள், பெற்றோரின் சம்மதம் தேவை, அதனால் அடுத்த பெற்றோர் கூட்டத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்புறம், இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்கை கூகுள் அழித்துவிடக்கூடும், ஆகவே ஆண்டுக் கடைசியில் ஒவ்வொரு ஃபோல்டரையும் டவுன்லோடு செய்து அந்தந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள்.