நவீன ஓவியம் புரியாதவர்கள் வெளிநாடு போகும்போது அந்த மியூசியங்களுக்குப் போகலாமா, நேர விரயமா?

எனக்கும் புரியாதுதான். இருந்தாலும் போங்கள் என்றுதான் சொல்வேன். அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா மேட்டூர் அனல்மின் நிலையத்தில் 25 வருடத்துக்கு மேல் பாய்லர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். 2018-ல் நாங்கள் இருவரும் லண்டன் போயிருந்தோம். செயின்ட் பால் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, தேம்ஸ் மீதுள்ள நடைபாலத்தில் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. எதிர்க்கரையில் நட்டநடுவே ஒற்றைப் புகைபோக்கியோடு ஒரு பிரம்மாண்டமான செங்கல் கட்டிடம். "ஏம்மா, அது பவர் ஹவுஸ் மாதிரியில்ல இருக்கு?" என்றார்.

அது டேட் மாடர்ன் என்ற நவீன ஓவிய மியூசியம். ஒரு காலத்தில் எண்ணெய் எரித்து மின்சாரம் தயாரித்த பேங்க்சைடு மின்நிலையம். 1981-ல் மூடி, 2000-ல் மியூசியமாகத் திறந்தார்கள். மின்நிலையத்தை வடிவமைத்த கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்தான் லண்டனின் சிவப்பு டெலிபோன் கூண்டையும் வடிவமைத்தவர். புகைபோக்கி 99 மீட்டர். "எங்க சிம்னி இதைவிட உசரம்" என்று அப்பா உடனே தள்ளுபடி செய்துவிட்டார். ஆனால் நுழைவு இலவசம் என்றதும் உள்ளே வரச் சம்மதித்தார். (சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும்தான் டிக்கெட்.)

டர்பைன் ஹாலில் கால் வைத்ததும் ஆள் மாறிவிட்டார். 152 மீட்டர் நீளம், 35 மீட்டர் உயரம், டர்பைன்கள் இருந்த இடம் முழுக்க வெறுமை. மேலே பழைய கிரேன் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை அண்ணாந்து பார்த்தபடியே வெகுநேரம் நின்றார். கட்டிடத்தின் ஒரு பகுதியில் இன்னும் துணைமின் நிலையம் இயங்குகிறது என்று சொன்னேன். காதைத் தீட்டிக்கொண்டு, "டிரான்ஸ்ஃபார்மர் முனகுது, கேக்குதா?" என்றார். எனக்குக் கூட்டத்தின் இரைச்சல்தான் கேட்டது.

அப்புறம் தரையில் நெடுக ஓடிய ஒரு தழும்பைக் கண்டுபிடித்தார். "ஃபவுண்டேஷன் இறங்கியிருக்கு." இல்லை. கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சல்செடோ 2007-ல் அந்தத் தரையிலேயே வளைந்து வளைந்து 167 மீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசலை உண்டாக்கியிருந்தார். நிறவெறியும், புலம்பெயர்ந்து வருகிறவர்களை ஒதுக்கி நிறுத்துவதும்தான் அந்த விரிசல். காட்சி முடிந்ததும் நிரப்பிவிட்டார்கள், தடம் மட்டும் போகவில்லை. அப்பா குனிந்து பூச்சைத் தடவிப் பார்த்தார். "அடைச்சாலும் தெரியத்தான் செய்யும்" என்றார். சிமென்ட்டைப் பற்றித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மேலே போய் நாலைந்து அறைகளை வேகமாகக் கடந்தோம். சிலவற்றைப் பார்த்து எனக்கே எரிச்சல் வந்தது, மறைப்பானேன். கால் வலிக்கிறது என்று வெளிச்சம் குறைவான ஓர் அறையில் உட்கார்ந்தோம். அது அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோவின் அறை. சுற்றிலும் கருஞ்சிவப்பிலும் கறுப்பிலும் ஆள் உயரத்தைத் தாண்டிய ஓவியங்கள். 1958-ல் நியூயார்க்கில் ஒரு ஆடம்பர உணவகத்துக்காக ஒப்புக்கொண்டு வரையத் தொடங்கியவர், பிறகு அங்கே மாட்ட மனமில்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவற்றில் ஒன்பதை டேட் மாடர்னின் தாய் நிறுவனமான லண்டன் டேட் கேலரிக்குக் கொடுத்தார். அவை லண்டன் வந்து சேர்ந்தது 1970 பிப்ரவரி 25. அதே நாளில்தான் நியூயார்க்கில் அவர் இறந்து கிடந்தார்.

இதையெல்லாம் நான் அப்போது அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் பத்து நிமிடம் பேசவே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று திரும்பினால், நேராகப் பார்த்துக்கொண்டே, "நைட் ஷிஃப்ட்ல பாய்லர்ல நெருப்பைப் பார்க்கற பீப் ஹோலைத் திறந்து பார்த்தா இப்படித்தாம்மா இருக்கும். பார்த்துட்டே இருந்தா கிட்ட வர்ற மாதிரி தோணும்" என்றார்.

வெளியே வந்து வரைபடத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஓவிய அறைகள் இருந்த அந்தப் பக்கம் முழுவதும் பழைய பாய்லர் ஹவுஸ்.

எனவே ஓவியம் புரியுமா என்று கவலைப்படாதீர்கள். எல்லா மாடியையும் பார்த்தே தீருவேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள், மூன்றாவது அறையிலேயே கண் மரத்துவிடும். பெஞ்ச் போட்டிருக்கிற அறையாகப் பார்த்து உட்காருங்கள்.

அன்று நான் எடுத்த படங்களில் அப்பா தன் பழைய சகாக்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியது ஒன்றே ஒன்றுதான், அந்தக் கிரேன். "எத்தனை டன்?" என்று உடனே பதில் வந்தது.