பழமை என்ற பொய் எதற்கு?

கேள்வி: இயற்கை வழிபாடும் மந்திரச் சடங்குகளும் கொண்ட விக்கா வழியைச் சில காலமாகப் பின்பற்றுகிறேன். பௌர்ணமி இரவில் மெழுகுவர்த்தி ஏற்றி அமர்ந்தால் மனம் அடங்குகிறது. கிறிஸ்தவத்துக்கும் முந்திய சமயம் இது, சூனியக்காரிகள் என்று 90 லட்சம் பெண்களை எரித்தும் அழியாமல் வந்தது என்று படித்தேன். என் அக்காவோ ‘நேற்று முளைத்த பில்லி சூனியம்’ என்கிறாள். யார் சொல்வது சரி? என்னை விட்டுப் பிரிந்தவரின் மனத்தை மாற்ற ஒரு மெழுகுவர்த்திச் சடங்கு செய்ய நினைக்கிறேன். அது தவறா?
– வாசகி, லண்டன்

பதில்: உங்கள் அக்கா சொல்வதில் பாதி சரி. நேற்று முளைத்தது என்பது உண்மை. பில்லி சூனியம் என்பது அவதூறு.

விக்காவை ஊரறியச் செய்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். 1900இல் சிறுவயதிலேயே இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பிறகு மலாயாவில் ரப்பர் தோட்டம், ஜொகூரில் சுங்க வேலை என்று காலம் கழித்து, 1936இல் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். 1939இல் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் வழிவழியாக வந்த ஒரு சூனியக்காரர் குழு தமக்குத் தீட்சை கொடுத்தது என்றார். சூனியத் தடைச் சட்டம் 1951இல் ரத்தானதும் 1954இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அதற்கு முன்னுரை தந்தவர் எகிப்தியவியல் அறிஞர் மார்கரெட் மர்ரே. சூனியக்காரிகள் என்று தண்டிக்கப்பட்டவர்கள் ஒரு தொல்சமயத்தைச் சேர்ந்தவர்கள் என்று 1921இல் எழுதியவரும் அவரே. வரலாற்றாய்வாளர்கள் அந்தக் கருத்தைக் கைவிட்டுப் பல காலமாகிறது.

90 லட்சம் என்ற எண்ணையும் விட்டுவிடுங்கள். ஐரோப்பா முழுவதிலும் சூனிய வழக்குகளில் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 40,000 முதல் 60,000 பேர். அவர்களில் ஆண்களும் உண்டு. இங்கிலாந்தில் எரிக்கவில்லை, தூக்கிலிட்டார்கள். செத்தவர்களில் மிகப் பலர் கோயிலுக்குப் போய்வந்த கிறிஸ்தவர்கள். பக்கத்து வீட்டுப் பசு செத்ததற்கும் குழந்தை நோயில் விழுந்ததற்கும் பழி சுமந்தவர்கள். ‘நான் சூனியக்காரி அல்ல’ என்று கதறியவர்களை இன்று உங்கள் சமயத்தின் தியாகிகள் ஆக்குவது, அவர்கள் பேச்சை இரண்டாம் முறையும் கேட்க மறுப்பதாகும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பழமை என்ற பொய் அந்தச் சமயத்துக்குள்ளேயே ஒரு பெண்ணின் மேல் பாய்ந்திருக்கிறது. டோரீன் வாலியண்ட் 1953இல் கார்ட்னரிடம் தீட்சை பெற்றவர். குழுவின் சடங்கு ஏட்டைப் படித்தபோது, பல வரிகள் அலெஸ்டர் கிரௌலி என்ற ஆங்கிலேய மாந்திரீகரின் எழுத்திலிருந்து வந்தவை என்று கண்டுகொண்டு முகத்துக்கு நேரே சொன்னார். ‘உன்னால் மேலாக எழுத முடிந்தால் எழுது’ என்றார் கார்ட்னர். வாலியண்ட் உட்கார்ந்து திருத்தி எழுதினார். தேவியே பேசுவதாக விக்கா வழியினர் இன்று ஓதும் உரை, அவர் கையில் புது வடிவம் பெற்றதுதான். பத்திரிகைகளிடம் கார்ட்னர் ஓயாமல் பேசுவதைக் கட்டுப்படுத்த 1957இல் வாலியண்டும் நண்பர்களும் சில விதிகள் கேட்டார்கள். விதிகள் ஏற்கெனவே உள்ளன என்று சொல்லி, ‘பழைய சட்டங்கள்’ என்ற ஒரு தாள்கட்டைக் கார்ட்னர் நீட்டினார். வயதான தலைமைப் பூசாரிணி இளையவளுக்கு வழிவிட்டு விலக வேண்டும் என்பது அதில் ஒன்று. அப்போது குழுவின் தலைமைப் பூசாரிணி வாலியண்ட்தான். அதுவரை யாரும் கேள்விப்படாத சட்டம்! வாலியண்ட் நண்பர்களோடு வெளியேறினார். ஆனால் விக்காவை விடவில்லை.

அவரைப் பின்பற்றுங்கள். உங்கள் வழிக்கு 2,000 ஆண்டுப் பழமை தேவையில்லை. பௌர்ணமியில் அமர்வது, பருவங்களுக்கேற்ற எட்டு விழாக்கள், ‘யாருக்கும் தீங்கில்லாதவரை உன் விருப்பப்படி செய்’ என்ற நெறி ஆகியவற்றில் பொருள் இருக்கிறது. அமெரிக்க நீதிமன்றம் 1986இல் இதைச் சமயமென்று ஒப்புக்கொண்டது. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 பேர் தங்கள் சமயம் விக்கா என்று எழுதினார்கள். கல், எண்ணெய், கத்தி என்று விற்பவர்களிடம் மட்டும் பணத்தைக் கொட்டாதீர்கள். அடுப்படியில் இருக்கும் உப்பும் ஒரு கிண்ணம் தண்ணீரும் போதும். உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் மருத்துவரிடம் போங்கள்.

இனி அந்தச் சடங்கு. ஊசியால் மெழுகில் அவர் பெயரைக் கீறி, எண்ணெய் தடவி, அது எரிந்து தீரும்வரை அவர் திரும்ப வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். மெழுகுவர்த்தி அவரை அசைக்காது என்பதே என் எண்ணம். ஆனால் அசைக்கும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அப்படி நம்பிக்கொண்டே செய்தால், போகிறேன் என்று சொன்ன ஒருவருடைய மனத்தை அவருக்குத் தெரியாமல் வளைக்கப் பார்க்கிறீர்கள். உங்கள் நெறி தீங்கு என்று சொல்வது இதைத்தான், விக்கா வழியினரில் பெரும்பாலோரும் இதை ஏற்பதில்லை. ஆகவே செய்யாதீர்கள். பெயர் கீறித்தான் ஆக வேண்டுமென்றால் உங்கள் பெயரைக் கீறுங்கள். இந்த மாதம் தூக்கம் வர வேண்டும், வேலையில் மனம் நிற்க வேண்டும் என்று உங்களுக்கு வேண்டியதைக் கேளுங்கள். அவரிடம் சொல்ல வேண்டியது மிச்சமிருந்தால் ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுகடிதம் வேண்டாம்.