‘முடியாது’ என்று சொன்னவர்கள் – கடிதம்

வணக்கம் ஐயா,

தீபாவளிக்கு எல்லாரும் வீட்டில் கூடியிருந்தபோது தாத்தாவைப் பற்றிப் பேச்சு வந்தது. மலாயாவின் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மா வரை போய்த் திரும்பியவர். மாமா சொன்னார்: “1942இல் மோகன் சிங் திரட்டிய படை வெறும் தகராறு. பட்டாளத்துக்காரரும் வக்கீல்களும் அடித்துக்கொண்டு அதைக் கலைத்தார்கள். நேதாஜி வந்த பிறகுதான் அது ராணுவம் ஆனது.” இது சரியா? பினாங்கின் பங்கு நகையும் நன்கொடையும் கொடுத்ததோடு முடிந்துவிட்டதா? உங்கள் முந்தைய கட்டுரையில் பினாங்கு வக்கீல் ராகவனை நேதாஜிக்குச் சமமாக வைத்ததுபோல் எனக்குத் தோன்றியது. அதனால்தான் கேட்கிறேன்.

வாசகி, ஆயர் ஈத்தாம்

அன்புள்ள வாசகிக்கு,

சமமாக வைக்கவில்லை அம்மா. நேதாஜி பேசியதைக் கேட்டுத்தான் கோலாலம்பூரில் ஜானகி தேவர் போட்டிருந்த நகையைக் கழற்றிக் கொடுத்தார், 18 வயதில் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். அந்த ஈர்ப்பு ராகவனுக்குக் கிடையாது. மோகன் சிங்குக்கும் கிடையாது. ஆனால் 1942ஐத் ‘தகராறு’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மோகன் சிங் கதை தொடங்குவது உங்கள் தாத்தாவின் கெடாவில்தான். 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை சிதறியபோது அவர் அதில் வெறும் கேப்டன். ஜப்பானியர் கைக்கு வந்து, மேஜர் ஃபுஜிவாராவோடு பேசி, இந்தியாவுக்காக ஒரு படை கட்டலாம் என்று துணிந்தார். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களிலிருந்து அந்தப் படை திரண்டது.

அந்த ஆண்டு ஜூன் மாதம் பாங்காக்கில் கூடிய மாநாடு ஒரு செயற்குழுவை அமைத்தது. தலைவர் ராஷ் பிஹாரி போஸ். வக்கீல்கள் இருவர்: பினாங்கின் என். ராகவன், சிங்கப்பூரின் கே.பி. கேசவ மேனன். பட்டாளத்துக்காரர்கள் இருவர்: மோகன் சிங், ஜிலானி. ராணுவம் இந்தக் குழுவின் பேச்சைக் கேட்க வேண்டும், ஜப்பான் இதைச் சரிசமமான நேசப் படையாக நடத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். டோக்கியோவிலிருந்து உருப்படியான பதில் வரவே இல்லை. செப்டம்பரில் ஏறத்தாழ 16,000 பேர் கொண்ட படை நின்றது. டிசம்பரில், பர்மாவுக்கு ஆட்களைக் கப்பலேற்று என்றார்கள் ஜப்பானியர். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஆளை மட்டும் அனுப்பு என்றால் எப்படி? மோகன் சிங் முடியாது என்றார்.

அதே சமயத்தில் உங்கள் தீவில் இன்னொரு ‘முடியாது’. இந்தியாவுக்குள் ரகசியமாக அனுப்புவதற்கு இளைஞர்களைப் பழக்கும் சுயராஜ்யப் பயிற்சிக் கழகத்தை ராகவன் பினாங்கில் நடத்திவந்தார். அங்கிருந்த இளைஞர்கள் சிலரை ஜப்பானியர் அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ராகவன் கழகத்தையே மூடினார். வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால் அந்தக் கோபம் புரியும். பினாங்கிலிருந்து போய் மலபார்க் கரையில் இறங்கிப் பிடிபட்டவர்களில் வக்கம் அப்துல் காதர் ஒருவர். அவரோடு அனந்தன் நாயர், சத்யேந்திர பர்தன், ஃபவுஜா சிங் ஆகியோரையும் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். பினாங்கின் பங்கு நகையோடு முடிந்ததா என்று கேட்டீர்கள். இந்த நான்கு பெயரையும் மாமாவிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்ல வேண்டும். அந்த டிசம்பரில் பட்டாளத்துக்காரரும் வக்கீல்களும் எதிரெதிராக நிற்கவில்லை. ராகவன், மேனன், மோகன் சிங் மூவரும் ஒரே பக்கம். மறுபக்கம் ஜப்பானியர், அவர்களை விட்டுவிடக்கூடாது என்று நினைத்த ராஷ் பிஹாரி. 1912இல் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய சதியின் மூளையாக இருந்து, 1915 முதல் ஜப்பானில் தஞ்சம் புகுந்து வாழ்ந்தவர் அவர். அவரைக் கைப்பாவை என்று எழுத எனக்கு மனம் வராது. ஆனால் அன்றைக்கு நியாயம் மற்றவர்கள் பக்கம் இருந்தது. டிசம்பர் 29 அன்று மோகன் சிங் கைதானார். என்னைப் பிடித்தால் படை கலையட்டும் என்று முன்கூட்டியே உத்தரவு எழுதி வைத்திருந்தார். தான் கட்டியதைத் தானே கலைப்பது ஒரு தளபதிக்கு எவ்வளவு வலித்திருக்கும்!

சரி, நேதாஜிக்கு வருவோம். அவரை அழைக்கச் சொன்னதே பாங்காக் மாநாடுதான். 1943 ஜூலை 2 சிங்கப்பூர் வந்தார், அக்டோபர் 21 அன்று கேத்தே அரங்கில் ஆஸாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) அரசை அறிவித்தார். ஜப்பானும் அதை அங்கீகரித்தது. செயற்குழு 1942இல் கேட்டுக் கிடைக்காத தகுதி அது. இரண்டு முறை காங்கிரஸ் தலைவராக இருந்த ஒருவரிடம் டோக்கியோவால் பதில் சொல்லாமல் நழுவ முடியவில்லை. அரசியல் தலைமையும் படைத் தலைமையும் ஒரே ஆளிடம் சேர்ந்ததால் படையும் நிலைத்தது. ஆனால் மோகன் சிங் மட்டும் கடைசிவரை காவலிலேயே கிடந்தார்.

இங்கே எனக்குத் தொண்டை அடைக்கும் ஒரு விஷயம் உண்டு. கேத்தே அறிவிப்புக்கு நான்கு நாள் கழித்து, அக்டோபர் 25 அன்று, ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில்பாதை திறக்கப்பட்டது. அதை வெட்டிப் போட்டதில் நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போவதற்குள் படையில் சேர்ந்து தப்பித்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். ஜப்பானின் நட்புக்கு நாம் கொடுத்த விலையில் இதுவும் சேர்த்தி. நேதாஜியை நேசிக்கிறவன் என்பதால்தான் இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்புறம், தோட்டத்து ஆட்கள் ஏன் இத்தனை வேகமாகப் படைக்கு ஓடினார்கள்? 1941லேயே கிள்ளான் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்நின்ற வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளம் எங்களுக்கும் வேண்டும், கள்ளுக்கடையை மூடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்லாதே என்பவை அன்றைய கோரிக்கைகள். பட்டாளம் வந்தது, ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். என் பெரியப்பா செந்தூலில் இருந்த காலத்தில் அடிக்கடி சொல்வார்: “சிப்பாய் உடுப்புப் போட்ட அன்னைக்குத்தான்டா சைக்கிள்ல உட்கார்ந்தபடியே துரையைப் பார்த்தேன்.” டெல்லி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்கு அப்போது தெரியாது.

போர் முடிந்து 1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தொடங்கியபோது முதல் தலைவரானவர் ஜான் திவி. ஆஸாத் ஹிந்த் அரசில் ஆலோசகராக இருந்தவர். ராகவன் பின்னாளில் சீனாவுக்கு இந்தியத் தூதராகப் போனார்.

உங்கள் தாத்தா எந்தத் தோட்டத்தில் இருந்தார், எந்த முகாமில் பயிற்சி எடுத்தார், சேர்ந்தது 1943க்கு முன்பா பின்பா? மாமாவிடம் கேட்டு எழுதுங்கள். வீட்டில் பழைய படமோ அட்டையோ இருந்தால் பத்திரமாக வையுங்கள். அடுத்த மாதம் பினாங்கு வருகிறேன், நேரில் பார்க்கிறேன்.