மறுபடிகமாக்கல் என்றால் என்ன? 100 மில்லிகிராம் பொருளை அதில் எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்?

அழுக்கு கலந்த திண்மத்தைச் சூடான கரைப்பானில் கரைத்து, மெதுவாக ஆறவிட்டு, சுத்தமான படிகங்களாகத் திரும்ப எடுப்பதுதான் மறுபடிகமாக்கல். பென்சாயிக் அமிலத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டர் கொதிநீரில் சுமார் 56 மில்லிகிராம் கரையும். 25 டிகிரியில் வெறும் 3.4தான். அதனால் 100 மில்லிகிராமுக்கு 2 மில்லிலிட்டர் கொதிநீர் போதும். ஆற ஆறப் பெரும்பகுதி படிகமாக வெளியே வந்துவிடும்.

சரி, அழுக்கு ஏன் கூடவே வருவதில்லை? ஒரே மாதிரி மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கித்தான் படிகம் வளர்கிறது. வடிவம் பொருந்தாதது அந்த அடுக்கில் எளிதில் உட்காராது. அளவும் குறைவு என்பதால் நீரிலேயே தங்கிவிடும். கற்கண்டு காய்ச்சுவதும் இதேதான். பாகை அசைக்காமல் ஆறவிட்டால் நூலில் பளபளவென்று கட்டி பிடிக்கும். அமிலக் கரைசல் உள்ள குழாயை அவசரப்பட்டு ஐஸில் முக்கினால், படிகம் பொடிப்பொடியாக விழுந்து, அழுக்கையும் உள்ளே பிடித்துக்கொள்ளும்.

படிகம் வரவே இல்லையா? கண்ணாடிக் கோலால் குழாயின் உள்சுவரை, நீர்மட்டத்தை ஒட்டி, லேசாகச் சுரண்டுங்கள். பல நேரம் அந்த இடத்திலிருந்தே ஊசி ஊசியாக இறங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

அப்புறம், நீர் அதிகமானால் இன்னும் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: 10 மில்லிலிட்டர் ஊற்றினால், ஆறிய பிறகும் 34 மில்லிகிராம், அதாவது மூன்றில் ஒரு பங்கு, நீரோடு போய்விடும்.