வாசகர் கேள்வி: மரக்கட்டைத் தேவாலயங்கள்

போலந்தில் 500 ஆண்டுப் பழைமையான மரத் தேவாலயங்களை ஆணியே இல்லாமல் கட்டினார்களாமே, உண்மையா?
– வாசகர், திருச்சி

பாதி உண்மை. தெற்குப் போலந்துக் கிராமங்களில் உள்ள டெம்ப்னோ, ஹாச்சுஃப், சென்கோவா, பினரோவா, ப்ளிஸ்னே, லிப்னிட்சா முரோவானா தேவாலயங்களைத்தான் சொல்கிறீர்கள் என நினைக்கிறோம். ஆறும் 2003இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. சுவரில் ஆணிக்கு வேலையில்லை. கோடரியால் செதுக்கிச் சதுரித்த கட்டைகளைப் படுக்கை வாட்டில் அடுக்கி, மூலையில் பொளி (பள்ளம்) வெட்டி ஒன்றையொன்று கவ்வ விடுவார்கள். மேலே ஏற ஏற, பாரமே பூட்டு. கட்டை நடுவில் நெளியாதிருக்க மர முளை அடிப்பதுண்டு. ஆனால் கூரையில் வேயும் மரச் சில்லுகளுக்கு ஆணிதான் அடிக்கிறார்கள்.

அத்தனை மழையிலும் பனியிலும் மரம் மக்காதா?
– வாசகி, நாகர்கோவில்

இடம் கொடுத்தால் மக்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சைக்குப் பிழைப்பில்லை. அதற்குத்தான் செங்குத்தான கூரை, நீண்ட இறவாரம். நல்ல சில்லை அறுக்க மாட்டார்கள், இழையோட்டத்தோடு பிளப்பார்கள். அறுத்தால் இழை துண்டாகி, அதன் வழியே நீர் இறங்கும். சில்லின் ஒரு விளிம்பு மெலிந்திருக்கும், மறு விளிம்பில் காடி (நீளப் பள்ளம்) இருக்கும். மெலிந்த விளிம்பு பக்கத்துச் சில்லின் காடிக்குள் செருகிக்கொள்ளும்.

இத்தகைய கட்டடங்களில் பயன்படும் ஊசியிலை மரமான லார்ச்சின் வைரப்பகுதி (நடுமரம்) பிசின் நிறைந்தது, எளிதில் கெடாது. பட்டையை ஒட்டிய வெளிறு அப்படியல்ல.

நோய் பெரும்பாலும் கல் அடித்தளத்தின்மேல் கிடக்கும் முதல் கட்டையில்தான் தொடங்கும். சுற்றிலும் மண்மட்டம் ஏறியிருக்கும், இறவாரத் தண்ணீர் தெறிக்கும். மூலையில் தெரியும் வெட்டுமுகம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு நீர் குடிக்கும். ஆகவே முதலில் அங்கே திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் 1 செ.மீ. இறங்கினால் உளுத்துவிட்டது என்று வையுங்கள்.

கெட்ட கட்டையை மாற்ற, ஜாக்கிகளை வரிசையாக வைத்துச் சுவர் முழுவதையும் ஒரே சீராக, சில மில்லிமீட்டர் மட்டும் தூக்குவார்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கினால் மேல்பொருத்துகள் பிளக்கும். டெம்ப்னோவில் 1500ஐ ஒட்டி, வடிவம் வெட்டிய அச்சுத்தகடு வைத்துத் தீட்டிய வண்ணவேலை உள்ளே இருக்கிறது, அதுவும் உதிரும். பிறகு உளுத்த பகுதியை மட்டும் வெட்டி, அதே இன மரத்தைச் சாய்வெட்டில் இணைக்க வேண்டும்.

கட்டைகளுக்கு இடையேயுள்ள இடுக்கைச் சிமென்ட்டால் அடைப்பதுதான் நல்லெண்ணத்தோடு செய்யும் பெருங்கேடு. மரம் சுருங்கி விரியும், சிமென்ட் அசையாது. நடுவில் விழும் மயிரிழைப் பிளவில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கும். காய்ந்த பாசி, சணல் போதும்.

மழை தவிர, மனிதர் செய்த சேதமும் உண்டு. முதல் உலகப் போரில் படைவீரர்கள் சென்கோவா தேவாலயத்தின் மரத்தைப் பதுங்குகுழிக்கும் விறகுக்கும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

அதே வட்டாரத்தில் மூன்று கூம்புள்ள மரக்கோயில்களும் இருக்கின்றனவே, அவையும் கத்தோலிக்கமா?
– வாசகர், தூத்துக்குடி

அவை கீழைத் திருச்சபை (ஆர்த்தடாக்ஸ், கிரேக்கக் கத்தோலிக்க) வழிபாட்டு மரபில் எழுந்தவை. போலந்திலும் உக்ரைனிலுமாக 16 கோயில்கள் 2013இல் தனியாகப் பட்டியலில் சேர்ந்தன. உள்ளே பீடத்தை மறைத்துத் திருவுருவப் படங்கள் பதித்த தடுப்பு இருந்தால் அந்த வகை என்று அறியலாம்.