இன்னொருவர் உள்ளே வந்ததும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் தரவுத்தளம் மெதுவாகிவிடுகிறது. புதிய சர்வர் வாங்க வேண்டுமா?

அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். ஒருவர் மட்டும் திறந்தால் விரைவாகவும், இரண்டாமவர் வந்ததும் ஆமை வேகத்திலும் இயங்குகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் சர்வரில் இருக்காது. அட்டவணைகள் பொதுக் கோப்புறையிலும், படிவங்களும், தரவைத் தேடியெடுக்கும் வினவல்களும் அடங்கிய முன்பகுதி அவரவர் கணினியிலும் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்; அப்படிப் பிரிக்கவில்லையென்றால் முதல் வேலை அதுதான்.

நான் பணியாற்றிய அலுவலகத்தில் இதே தொல்லை வந்தபோது, ஆலோசகர் ஒருவர் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல், ‘ஆக்சஸ் என்றாலே இப்படித்தான்’ என்று சொல்லிப் புதிய சர்வருக்கு விலைப்புள்ளி கொடுத்துவிட்டுப் போனார். சர்வர் வந்தது, வேகம் வரவில்லை. பிறகு பொதுக் கோப்புறையைத் திறந்து வைத்துக்கொண்டு கவனித்தேன். ஒருவர் மட்டும் வேலை செய்யும்போது, அவர் படிவத்தைத் திறந்தால் லாக் கோப்பு (தரவுத்தளத்தை யார் திறந்திருக்கிறார்கள் என்று குறித்துவைக்கும் சிறு கோப்பு) தோன்றியது, மூடினால் மறைந்தது. அதே கோப்பை இன்னொருவர் பிடித்திருக்கும் வேளையில், ஒவ்வொரு முறையும் புதிதாக இணைப்பு ஏற்படுத்துவதிலேயே நேரம் கரைந்தது. ஒரே வரி கொண்ட சிறு அட்டவணையோடு இணைத்த படிவமொன்றை முன்பகுதி தொடங்கும்போதே கண்ணுக்குத் தெரியாமல் திறந்து, இணைப்பு விட்டுப்போகாதிருக்க, வெளியேறும்வரை மூடாமல் வைத்தோம். அன்றே புகார்கள் குறைந்தன.

அடுத்து வினவல்களைப் பாருங்கள். தேடும் வேலையைச் செய்வது சர்வர் அன்று, அவரவர் கணினி. ஆகவே இண்டெக்ஸ் (பதிவுகளை விரைவாகத் தேட உதவும் அகரவரிசை போன்ற பட்டியல்) உதவாத இடத்தில் அட்டவணை முழுவதும் நெட்வொர்க் வழியே வந்து சேரும். தேதிப் புலத்தின் மீது ஆண்டைப் பிரித்தெடுக்கும் சார்பை வைத்து ‘2023’ என்று தேடினால், அந்தப் புலத்துக்கு இண்டெக்ஸ் இருந்தும் பயனில்லை. 1-1-2023 முதல் 1-1-2024-க்கு முன்புவரை என்று வரம்பாகக் கேட்டால் பயன்படும். அட்டவணைகளின் பண்புகளில் துணைத் தரவுத்தாள் (தொடர்புள்ள அட்டவணையின் பதிவுகளை உள்ளேயே காட்டும் வசதி) தானியங்கியாக இருந்தால், அந்த அமைப்பை ‘எதுவுமில்லை’ என்று மாற்றிவிடுங்கள்.

தேடும் வேலையைச் சர்வரிலேயே செய்யும் எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு மாறச் சொல்லாமல் ஒட்டுப்போடுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். கோப்பு 2 ஜிபி வரம்பை நெருங்கினால் மாறத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால், திறந்தவுடன் எல்லாப் பதிவுகளையும் இழுக்கும் படிவம் அங்கே போனாலும் அப்படியேதான் இழுக்கும்.

யாரேனும் வைஃபையில் வேலை செய்தால் இன்றே கேபிளுக்கு மாற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் பொதுக் கோப்பே சிதைந்துபோகக்கூடும்.